முள்ளுள்ள மஞ்சள் டிராகன் பழம்: அடையாளம் காண்பதும் வளர்ப்பதும்

மஞ்சள் டிராகன் பழச் செடி என்று கேட்டு வாங்கினால், கைக்கு வருவது இரண்டு வேறு செடிகளில் ஏதோ ஒன்றாக இருக்கும். ஒன்று தென் அமெரிக்காவைச் சேர்ந்த தனி இனம். அதன் பழத்தின் மேல் கொத்துக் கொத்தாக முள் இருக்கும். மற்றது, கடைகளில் நாம் பார்க்கும் சிவப்புத் தோல் பழத்தைப் போலவே பெரிய செதில்களோடு, தோல் மட்டும் மஞ்சளாக இருக்கும் ரகம். இரண்டுக்கும் உள்ளே வெள்ளைச் சதை, கறுப்பு விதை. விற்பவர் பலருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்த சிலர் சொல்வதில்லை.

இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது. நம் ஊரில் அது இன்னும் அரிதுதான். டிராகன் பழங்களிலேயே இனிப்பு மிகுந்தது என்று பெயர் வாங்கியது. ஒருமுறை சாப்பிட்டவர்கள் அந்தச் செடியைத் தேடிப் போவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இதன் வளர்ப்பு முறை மற்ற டிராகன் செடிகளிலிருந்து பல இடங்களில் மாறுகிறது. வெயில், நிழல், பழுக்கும் காலம், மகரந்தம் எல்லாமே வேறு. அதனால் கையில் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் வளர்த்தால் இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் விஷயம் புரியும்.

எங்கிருந்து வந்தது

டிராகன் பழங்கள் எல்லாமே கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்த கொடிகள். பாலைவனக் கள்ளி போலத் தரையில் தனியே நிற்காமல், காட்டு மரங்களைப் பற்றி ஏறி, தண்டிலிருந்து விடும் வேர்களால் பட்டையைப் பிடித்துக்கொண்டு வளரும். நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று வளர்க்கிறோமே, இரவில் மட்டும் பூப்பது, அதுவும் இந்தக் கள்ளிக் குடும்பம்தான்.

முன்பு இவற்றை ஹைலோசீரியஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2017-இல் வந்த வகைப்பாட்டு ஆய்வுக்குப் பிறகு செலினிசீரியஸ் என்ற பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். பழைய புத்தகங்களில் ஒரு பெயரும் புதியவற்றில் இன்னொரு பெயரும் இருப்பது இதனால்தான். சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் கொண்ட பொதுவான வகை செலினிசீரியஸ் உண்டாட்டஸ். முள்ளுள்ள மஞ்சள் இனம் செலினிசீரியஸ் மெகாலாந்தஸ்.

மெகாலாந்தஸின் பூர்வீகம் கொலம்பியா, ஈக்வடார், பெரு, பொலிவியா பகுதிகள். அங்கே இதைப் பிட்டஹாயா என்கிறார்கள். கொலம்பியாவில் மலைச் சரிவுகளில் பயிராகிறது. ஈக்வடாரில் மொரோனா சாந்தியாகோ மாகாணத்தில், அமேசான் காடு தொடங்கும் இடத்தில், பலோரா என்ற ஊர் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் மழையிலும் மிதமான வெப்பத்திலும் விளையும் மெகாலாந்தஸ் பழம் பெரியது. அதனால் பலோரா என்ற ஊர்ப்பெயரே ரகப்பெயராகிவிட்டது. 2017-இல் அமெரிக்கா ஈக்வடார் பிட்டஹாயாவை இறக்குமதி செய்ய அனுமதித்த பிறகு அந்தப் பெயர் இன்னும் பரவியது.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உண்டாட்டஸ் போன்ற மற்ற டிராகன் இனங்களின் செல்லில் 22 குரோமோசோம்கள். மெகாலாந்தஸில் 44. அதாவது ஆறு மாசத்தில் யாரோ உருவாக்கிய நிறமாற்றம் கிடையாது. இயற்கையிலேயே பிரிந்து நிற்கும் தனி இனம். பழம் பழுக்கும் காலத்திலிருந்து விதையின் அளவு வரை பல விஷயங்களில் அது தனிப்போக்காக இருப்பதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

எதை வைத்து அடையாளம் காண்பது

சந்தேகமே இல்லாத அடையாளம் மொட்டு. உண்டாட்டஸ் வகையிலும் சிவப்புச் சதை வகைகளிலும் மொட்டின் அடிப்பகுதியைச் சுற்றி அகலமான பச்சைச் செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும், தடவினால் வழவழப்பு. மெகாலாந்தஸ் மொட்டின் அடியில் சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். ஒவ்வொரு முண்டிலும் முள் முளைத்திருக்கும். மொட்டு கட்டைவிரல் அளவு இருக்கும்போதே இது தெரிந்துவிடும். மொட்டில் முள் இருந்தால் மெகாலாந்தஸ் ரத்தம் அதில் இருக்கிறது. முள்ளே இல்லாவிட்டால் அது மெகாலாந்தஸ் இல்லை. பலோரா, கொலம்பியா, ஈக்வடார் என்று அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அடுத்தது பழம். அந்த முண்டுகள்தான் பழத்திலும் தொடர்கின்றன. பச்சைக் காயாக இருக்கும்போது முள் கூர்மையாக, கையைக் குத்தும்படி இருக்கும். கடைக்கு வரும் பழத்தில் முள்ளைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். அப்போது தோல் முழுக்கத் திட்டுத்திட்டாக மேடு மட்டும் தெரியும். செதில் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இருக்காது. முள்ளில்லாத மஞ்சள் ரகத்தை, இஸ்ரேல் மஞ்சள், கோல்டன் இஸ்ரேல் என்றெல்லாம் விற்கிறார்கள். அதன் பழத்தில் நுனி பச்சையான நீளச் செதில்கள் இதழ் போல விரிந்து நிற்கும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குப் பிறகு குழப்பமே வராது.

பழத்தை வெட்டினால் விதை பேசும். மெகாலாந்தஸ் விதை, உண்டாட்டஸ் விதையைவிடப் பெரியது. பல்லில் கடிபடுவது தனியாகத் தெரியும். சதை கொஞ்சம் கண்ணாடி போல, நீர்த்தன்மையோடு இருக்கும். இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் கணக்கில் நன்றாகப் பழுத்த மெகாலாந்தஸ் 18, 20 என்று போகும். வெள்ளைச் சதை உண்டாட்டஸ் பெரும்பாலும் 10 முதல் 14-க்குள் நிற்கும்.

சரி, பூவும் பழமும் இல்லாமல் வெறும் தண்டுக் குச்சியை நீட்டினால்? நாம் வாங்கும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். அப்போது பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. மெகாலாந்தஸ் தண்டு மெல்லியது. மூன்று பட்டையாக, பெரும்பாலும் விரல் பருமனை ஒட்டியே இருக்கும். உண்டாட்டஸ் தண்டின் மூன்று பக்கமும் அகலமாகச் சிறகு போல விரிந்திருக்கும். உண்டாட்டஸ் முதிர முதிர பட்டையின் ஓரம் பழுப்பு நிறமாகிக் கொம்பு போலக் கெட்டியாகும்; மெகாலாந்தஸில் அந்தக் கெட்டி ஓரம் வராது, ஓரமும் பச்சையாகவே இருக்கும். தண்டில் முள் முளைக்கும் கண்ணைச் சுற்றி வெண்மையான பஞ்சு, அதில் ஒன்றிலிருந்து மூன்று வரை சிறிய மஞ்சளான முட்கள். சிவப்புச் சதை வகைகளில் சிலவற்றின் தண்டில் சாம்பல் பூத்தது போல வெள்ளை மெழுகுப் பூச்சு இருக்கும். மெகாலாந்தஸில் அது கிடையாது.

தண்டை மட்டும் வைத்து இதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. நிழலில் வளர்ந்த எந்தச் செடியும் மெலியும். உரம் தின்ற செடி பருக்கும். இளந்தளிரும் முதிர்ந்த தண்டும் ஒரே செடியிலேயே வேறு வேறாகத் தெரியும். குச்சியைப் பார்த்து இனம் எது என்று ஓரளவு சொல்லலாம். ஆனால் பலோராவா, கொலம்பிய வகையா என்று குச்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே இனம். வித்தியாசம் பழத்தின் பருமனில்தான் வெளிப்படும், அதுவும் நல்ல பராமரிப்பில். அதனால் வாங்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: தாய்ச்செடியில் மொட்டு விட்டபோது எடுத்த படம் இருக்கிறதா? பழத்தின் படம் யாரிடமும் கிடைக்கும். மொட்டின் படம் செடி வைத்திருப்பவரிடம்தான் இருக்கும்.

கலப்பினங்களும் இப்போது சந்தைக்கு வருகின்றன. உண்டாட்டஸையோ சிவப்புச் சதை வகையையோ மெகாலாந்தஸோடு கலந்தால் பிறக்கும் செடி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பழத்தில் முள்ளும் இருக்கும், தோல் சிவப்பாகவும் இருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால் அதை மெகாலாந்தஸ் என்று எழுதி வைக்காமல், கலப்பு என்றே குறித்து வையுங்கள்.

வெயில்தான் முக்கியமான பிரச்சினை

1980-களில் இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்தின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் யோசெஃப் மிஸ்ராஹி குழுவினர் கொடிக் கள்ளிகளைப் பயிராக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். கள்ளி என்பதால் பாலைவன வெயிலைத் தாங்கும் என்று யாரும் நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. நேர் வெயிலில் தண்டு வெளிறி மஞ்சளித்துப் போனது. நிழல்வலை போட்டுத்தான் வளர்க்க வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் மெகாலாந்தஸ் அதிக நிழலைக் கேட்டது. கடும் கோடையில் பூக்கவும் தயங்கியது. வெப்பம் தணிந்த பருவத்தில்தான் ஒழுங்காகப் பூத்தது.

காரணத்தை யோசித்தால் நியாயமாகவே இருக்கிறது. மரத்தடி நிழலில், அடிக்கடி மேகம் மூடும் சரிவில் வளர்ந்த கொடி அது. அதோடு, கள்ளிகள் பகலில் தண்டின் நுண்துளைகளை மூடிவைத்து, இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. இரவு குளிர்ந்தால் இந்த வேலை நன்றாக நடக்கும். பகலும் கொதித்து இரவும் புழுங்கும் இடத்தில் செடி உயிரோடு இருக்கும், ஆனால் வளர்ச்சி இருக்காது.

தமிழ்நாட்டில் யார் வளர்க்கலாம் என்பதற்கான பதில் இதிலேயே இருக்கிறது. ஏற்காடு, கொல்லிமலை, சிறுமலை, பழனி மலையின் கீழ்ச் சரிவுகள் மாதிரி 1,000 மீட்டரைத் தாண்டிய இடங்கள் இந்தச் செடியின் சொந்த ஊருக்கு நெருங்கி வருகின்றன. பலோரா ஊர்கூடச் சுமார் 900 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மதுரை, திருச்சி, வேலூர் மொட்டை மாடியில் வளர்க்கவே முடியாதா என்றால், முடியும். 50 சதவீத நிழல்வலை வேண்டும். மேற்கு வெயில் விழாத மூலை வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் செடி வளராமல் நிற்பதைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். சமவெளியில் அதிகப் பழம் எதிர்பார்த்து ஏக்கர் கணக்கில் நடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் நான்கு செடி வைத்துப் பாருங்கள். சமவெளிக்குச் சிவப்புத் தோல் வகைகளே ஏற்றவை.

நடுவது

தண்டுக் குச்சிதான் நல்ல வழி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, முதிர்ந்த பச்சைத் தண்டாக எடுத்து, வெட்டிய முனையை நிழலில் ஒரு வாரம் ஆறவிட வேண்டும். ஈரக் காயத்தோடு மண்ணில் வைத்தால் அழுகிவிடும். மெகாலாந்தஸ் குச்சியில் இது மற்ற வகைகளைவிடச் சீக்கிரம் நடக்கும். எது அடிமுனை, எது மேல்முனை என்று வெட்டும்போதே குறித்துவிடுங்கள். தலைகீழாக நட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய.

மண் இறுகக் கூடாது. செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் அல்லது சிறு ஜல்லி ஒரு பங்கு, மட்கிய தொழு உரமும் தேங்காய் நார்க் கழிவும் சேர்த்து ஒரு பங்கு என்று கலந்தால் போதும். களிமண் வேண்டவே வேண்டாம். மாடியில் என்றால் பழைய பெயிண்ட் டப்பாவில் ஆரம்பித்து, ஒரு வருஷத்தில் அரை டிரம்முக்கு மாற்றலாம். வேர் ஆழமாகப் போவதில்லை, பக்கவாட்டில் பரவும். அதனால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். அடியில் துளைகள் தாராளமாக இருக்கட்டும்.

தண்ணீர் ஊற்றும் முன் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். மேல் மண் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்துவது நல்லது. இந்த இனத்தின் வேர் சொதசொதப்பைத் தாங்காது.

கொடி ஏற ஒரு தூண் தேவை. தோட்டக்காரர்கள் ஆளுயரச் சிமெண்ட் தூணை நட்டு, உச்சியில் வளையமோ பழைய டயரோ மாட்டி, நான்கு செடிகளை ஏற்றுவார்கள். உச்சி வரை ஒற்றைத் தண்டாக ஏற்றி, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, மேலே போனதும் நுனியை வெட்டினால் கிளைகள் பிரிந்து கீழே தொங்கும். தொங்கும் கிளையில்தான் பூ வரும். மெகாலாந்தஸ் தண்டு மெலிந்தது என்பதால் கட்டும்போது துணிநாடா பயன்படுத்துங்கள்; நைலான் கயிறு அறுத்துவிடும்.

ஒட்டுக் கட்டினால்

சொந்த வேரில் மெகாலாந்தஸ் மெதுவாகத்தான் வளரும். அதனால் வேகமான உண்டாட்டஸ் செடியை அடிச்செடியாக வைத்து அதன் மேல் ஒட்டுக் கட்டுவது பல நாடுகளில் வழக்கம். நம் நிலத்துக்கு இது ரொம்பப் பொருத்தம் என்று நினைக்கிறேன். உண்டாட்டஸ் வேர் நம் மண்ணுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது.

செய்முறை கடினம் இல்லை. இந்தத் தண்டுகளின் நடுவில் மரம் போன்ற ஒரு தண்டுக்குருத்து ஓடுகிறது. நீரும் சத்தும் அதன் வழியாகப் போகின்றன. ஒட்டில் வேலை முழுவதும் அந்தக் குருத்தும் குருத்தும் தொடுவதில்தான். நன்றாக வேர்விட்ட அடிச்செடியின் தலையைக் கூரான, சுத்தமான கத்தியால் சமமாக வெட்டுங்கள். குருத்தை ஒட்டி ஒரு பக்கமாக இரண்டு விரல்கடை ஆழத்துக்குக் கீறுங்கள். ஒட்டுக் குச்சியின் அடியில் அதே நீளத்துக்குப் பச்சைச் சதையைச் சீவி, குருத்து தெரியும்படி செய்யுங்கள். அதை அந்தக் கீறலில் இறக்கி, இரண்டு குருத்தும் ஒட்டியிருக்கும்படி ஒட்டு நாடாவால் இறுக்கிச் சுற்றுங்கள். மழையும் நேர் வெயிலும் படாத இடத்தில் மூன்று நான்கு வாரம் இருக்கட்டும். ஒட்டுக் குச்சி சுருங்காமல் பச்சையாக நின்று துளிர்விட்டால் பிடித்துவிட்டது.

ஒட்டுச் செடி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டால் அடிச்செடி முந்திக்கொண்டு தூண் முழுக்க ஏறிவிடும். பிறகு அதிலிருந்து யாரோ ஒரு குச்சி வெட்டி மஞ்சள் டிராகன் என்று கொண்டுபோவார்கள். பெயர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோய்களில் தண்டுப்புள்ளி நோயைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். முதலில் வெளிறிய சிறு குழிகள், பிறகு ஆரஞ்சுப் புள்ளிகள், கடைசியில் பழுப்பு நிற வடு. அப்புறம் அந்த இடம் அழுகும். ஒரு பூஞ்சைதான் காரணம். பாதித்த துண்டை வெட்டித் தோட்டத்துக்கு வெளியே அகற்றிவிட்டு, வெட்டுக்கத்தியைச் சுத்தம் செய்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள். மழைக்கு முன் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிப்பது பரவுவதைக் குறைக்கும். மொட்டுப் பருவத்தில் எறும்பு வரும். வேப்பெண்ணெய்க் கரைசல் போதும்.

பூவும் காத்திருப்பும்

குச்சியிலிருந்து வளர்ந்த செடி இரண்டு மூன்று வருஷத்தில் பூக்கலாம். பூ ஒரு அடிக்கு மேல் நீளம். கள்ளிக் குடும்பத்திலேயே பெரிய பூக்களில் ஒன்று. இருட்டிய பிறகு விரிந்து மறுநாள் காலையில் வாடிவிடும். சொந்த நாட்டில் இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளும் வௌவால்களும் மகரந்தம் சேர்க்கின்றன.

சிவப்புச் சதை வகைகள் பலவற்றுக்கு வேறு செடியின் மகரந்தம் கட்டாயம். மெகாலாந்தஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஒரே ஒரு செடி வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி. ஆனாலும் கையால் மகரந்தம் தொட்டு வைப்பதை விட வேண்டாம். பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூலகமுடி முழுக்க மகரந்தம் தானாகப் படும் என்று சொல்ல முடியாது. பழத்தின் எடை உள்ளே எத்தனை விதை பிடித்தது என்பதைப் பொறுத்தது. பூ நன்றாக விரிந்தபின் ஒரு மென்மையான தூரிகையால் மகரந்தத்தை எடுத்துச் சூலகமுடி முழுக்கத் தடவினால் பழம் பருமனாக வரும்.

அதற்குப் பிறகுதான் பொறுமை. உண்டாட்டஸ் பூத்த முப்பது, முப்பத்தைந்து நாளில் பறித்துவிடலாம். மெகாலாந்தஸ் மூன்று மாதத்திலிருந்து ஐந்து மாதம் வரை எடுக்கும். குளிர்ந்த இடத்தில் இன்னும் நீளும். பச்சையாகவே நிற்கிறதே, ஏதோ கோளாறு என்று நினைத்துப் பறித்துவிடாதீர்கள். உங்கள் மஞ்சள் டிராகன் ஒரு மாசத்திலேயே பழுத்துவிட்டதென்றால், அது முள்ளில்லாத ரகம் என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

தோல் முழுக்க மஞ்சளாகி, மேடுகளுக்கு இடையே பச்சை மறைந்து, முட்கொத்தைத் தள்ளினால் எளிதாக உதிரும் பக்குவம் வர வேண்டும். தோல் கையுறை போட்டுக்கொண்டு, பழம் செடியில் இருக்கும்போதே கெட்டியான தூரிகையால் முள்ளைத் தேய்த்து உதிர்த்துவிட்டு, காம்போடு கொஞ்சம் தண்டும் சேர்த்துக் கத்தரியால் வெட்டி எடுங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்துக் குறுக்கே வெட்டி, கரண்டியால் தோண்டிச் சாப்பிடலாம். முதல் தடவை பாதிப் பழத்தோடு நிறுத்துங்கள். மலமிளக்கும் குணம் இதற்கு அதிகம். கொலம்பியாவில் மலச்சிக்கலுக்கே இதைச் சாப்பிடுவார்கள். சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் குறைவாகக் கொடுங்கள்.

கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டு வளர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முளைக்கும். சதையைக் கழுவி எடுத்து, ஈரமான நார்க் கழிவில் தூவினால் மெல்லிய நாற்றுகள் வரும். ஆனால் பூக்கப் பல வருஷம் ஆகும். பழமும் தாய்ப்பழத்தைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அவசரப்படுபவர்கள் அந்த நாற்று கொஞ்சம் தேறியதும், தலைப்பகுதியை வெட்டி உண்டாட்டஸ் அடிச்செடியில் ஒட்டுக் கட்டிவிடலாம். காத்திருக்கும் காலம் அதனால் கணிசமாகக் குறையும்.